சைராகுல் ஊசியில் அளந்த எண்ணெய்

எங்க வீட்டு மருமக சைராகுலை எங்க மலை ஊர்ல ஊசிக்காரின்னுதான் சொல்லுவாங்க. ஆட்டு மாட்டுக்குத் தடுப்பூசி போடுற உத்தியோகம். அவ அப்பா சீதனமா குடுத்த பெட்டைக் குதிரையை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டு, மலை ஏறுற டூ-ஸ்ட்ரோக் பைக் ஒண்ணை வாங்கிட்டு வந்து நின்னா. குதிரைன்னா குட்டி போடும், நாம குடிக்கப் பால் குடுக்கும், இது என்னத்தடி குடுக்கும்னு கேட்டேன்.

"புகை குடுக்கும் அத்தை"ன்னா. வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

அந்த வண்டிக்கு வெறும் பெட்ரோலை ஊத்திட்டுக் கிளம்ப முடியாது. எண்ணெயும் பெட்ரோலோட கலந்துதான் இன்ஜினுக்குள்ள போகணும். நாப்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். மாட்டுக்குப் போடுற பெரிய ஊசிக்குழல்ல எண்ணெயை உறிஞ்சி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, கோடு பார்த்துத்தான் விடுவா. நான் உப்பைக்கூட அப்படி அளந்ததில்ல. ஆரம்பத்துல இதைப் பார்த்து நல்லா நக்கலடிச்சிருக்கேன். அப்புறம் பனி, சேறு எதுலயும் அவ வண்டி நின்னு நான் பார்க்கல, வாயை மூடிக்கிட்டேன்.

போன கோடையில நாங்க அடிவாரத்துல கூடாரம் போட்டிருந்தப்ப, கணவாய்க்கு அந்தப் பக்கத்து மேல் மேய்ச்சல்ல ஆடுங்களுக்கு நோய் வந்துடுச்சு. அங்க நிக்கிற மந்தையில பாதி எங்க மூத்தாரோடது. என் வீட்டுக்காரரோட அண்ணன். பேரைச் சொல்ல மாட்டேன், இந்த வயசுலயும் எனக்கு நாக்கு வராது. குதிரையில போனா முழுப் பகலும் ஆயிடும், அதுக்குள்ள மருந்துப் பெட்டியில இருக்கிற ஐஸ் உருகி மருந்து வீணாப் போயிடும். பைக்லதான் போகணும். வண்டியிலயோ ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல. அவ கேனை மூத்தார்தான் இரவல் வாங்கிட்டுப் போயிருந்தாரு.

அவரும் சரியா வந்துட்டாரு. வாங்கின பாத்திரத்தைக் காலியா திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்க ஆளுங்களுக்குக் கிடையாது, கேன் நிறைய பெட்ரோல். அதுவும் டவுன்ல இருக்கிறதுலயே விலை கூடினது. பக்கத்துக் கூடாரத்து ஜனமெல்லாம் சுத்தி நிக்க, "எல்லாம் சரியாப் பார்த்துப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். ஊத்திக்கிட்டுக் கிளம்பும்மா, என் ஆடு செத்துக்கிட்டு இருக்கு"ன்னாரு.

சைராகுல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தா. ரெண்டு விரல்ல தொட்டுத் தேய்ச்சா. ஊத்தல.

"பெரிய மாமா, இதுல எண்ணெய் கலந்தீங்களா?"

"சரியாப் போட்டேன்னு சொல்றேன்ல? நான் வண்டி ஓட்டாதவனா?"

அவர் வண்டி ஃபோர்-ஸ்ட்ரோக். எண்ணெய் இன்ஜின் அடியில தனியா கிடக்கும், பெட்ரோலை ஊத்தினா போதும். மனுஷன் பொய் சொல்லல, அவருக்குத் தெரிஞ்ச சரி அதுதான். ஆனா எங்க வீட்டு மருமகளுங்க மூத்தவங்களை எதிர்த்துப் பேசுறது கிடையாது. கும்பல்ல வெச்சு அவர் வார்த்தையைச் சந்தேகப்படுறதுன்னா சும்மாவா? அப்படியே ஊத்திக்கிட்டுப் போனாலோ பாதி மலையில இன்ஜின் இறுகிடும். ஆடும் போச்சு, குதிரையை வித்து வாங்கின வண்டியும் போச்சு. ஒருவேளை அவர் கலந்திருந்து இவ மறுபடி எண்ணெய் விட்டாலும், புகை கக்கி பிளக் அடைச்சு நின்னுடும்.

அவ என்னைப் பார்த்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"என்னடி வேணும் உனக்கு?"ன்னேன்.

"வெள்ளையா ஒரு துணி இருந்தா, சொட்டு விட்டுப் பார்க்கலாம் அத்தை. பெட்ரோல் பறந்துடும், எண்ணெய் இருந்தா கறை நிக்கும்."

என் கை யோசிக்கவே இல்ல. தலையில கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவுத்து அவ கையில குடுத்தேன். எங்க பக்கம் கல்யாணமான பொம்பளை மூத்தார் முன்னாடி தலைத்துணியை எடுக்கவே கூடாது, நான் வெறுந்தலையோட நின்னேன். எவளோ ஒருத்தி "ஐயையோ"ன்னா. மூத்தார் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

"விடுடி சொட்டு"ன்னேன்.

விட்டா. காத்து அடிச்சுது. துணியை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் குனிஞ்சு பார்த்தோம். காஞ்சதும் துணி துவைச்சு எடுத்தாப்பல பளிச்சுன்னு இருந்துச்சு. எண்ணெயோட அடையாளமே இல்ல.

ஜெயிச்சுட்டேன்னு ஒரு சிரிப்பு அவ முகத்துல வரல. "ஒசந்த பெட்ரோல் பெரிய மாமா, துளி அழுக்கு இல்ல. எண்ணெய் மட்டும்தான் பாக்கி, அது என்கிட்ட இருக்கு"ன்னா. எதிர்க்காமலே எதிர்த்தா பாருங்க. இந்த சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தா நான் மருமகளா இருந்த காலத்துல எவ்வளவு அழுகை மிச்சமாயிருக்கும்.

ஊசிக்குழலை எடுத்தா, அளந்தா, கேனுக்குள்ள விட்டா, மூடி கலக்கினா. மூத்தாருக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னும் ரெண்டு ஊசி விடு, ஏத்தம் பெருசு"ன்னாரு.

"மருந்து கூடினா ஆடு தாங்குமா பெரிய மாமா?"

அவரே கேனைத் தூக்கி டேங்குல ஊத்தினாரு. சைராகுல் மருந்துப் பெட்டியை முதுகுல கட்டிக்கிட்டு கிக்கரை உதைச்சா, வண்டி கிளம்பிடுச்சு.

வண்டி கண்ணுக்கு மறைஞ்சும் ஒருத்தரும் நகரல. ஒவ்வொரு வளைவுலயும் அந்தச் சத்தம் சின்னதாகிக்கிட்டே போச்சு. ஒரு இடத்துல நின்ன மாதிரி இருந்துச்சு. மூத்தார் கையைத் தூக்கி, "யாரும் பேசாதீங்க"ன்னாரு. அப்புறம் மறுபடி கேட்டுச்சு, உச்சிக்குக் கிட்டத்துல, விக்காம திக்காம. அப்படியே கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிடுச்சு.

மூத்தார் நெஞ்சை நிமித்திக்கிட்டு கும்பலைப் பார்த்து, "நம்ம மருமக தாண்டிட்டா"ன்னாரு.

"என் மருமக"ன்னேன். வெறுந்தலையோடதான் நின்னுக்கிட்டிருந்தேன்.