உதடு சேரும் எழுத்துகள்

கடையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அத்தான் பாயசத்தைத் தொடாமல் இலையை மூடியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. “பல்லு பட்ட புண்ணு, எரியுது” என்று கீழுதட்டைக் காட்டினார். அத்தான் என் அக்காவின் கணவர். சீசனில் குற்றாலம் அருவிக்கரையில் மைக் முன்னால் உட்கார்ந்து, கூட்டத்தில் தவறிப்போன பிள்ளைகளைப் பற்றி அறிவிப்பது அவர் வேலை. கீழுதட்டுக்குள் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பார். மைக்கைப் பிடிக்கும்போது மட்டும் துப்பிவிடுவார்.

புண் ஆறவில்லை. தாடைக்குக் கீழே நெறி கட்டிய பிறகுதான் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனோம். சதையெடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. கழுத்து நெறிகளுக்கும் பரவியிருந்தது. இரண்டு இடத்திலும் அறுவை செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா.

“புண்ணு உதட்டுலதான இருக்கு, கழுத்தை எதுக்கு வெட்டணும்? குரல் போச்சுன்னா நான் எங்கன போவேன்?” என்றார் அத்தான்.

டாக்டரம்மா தன் கழுத்திலேயே விரலால் கோடிழுத்துக் காட்டினார். “குரல்வளையைத் தொடமாட்டோம். உதட்டை மட்டும் எடுத்தா நோய் கழுத்துல தங்கிடும். வாய் கொஞ்சம் சின்னதாகும். தோளைத் தூக்கச் சிரமமா இருக்கலாம். ப, ம சொல்லவும் கஷ்டப்படுவீங்க.”

அத்தான் எழுந்து வெளியே வந்துவிட்டார். வராந்தாவில் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. “நீங்க பேசவே வேண்டாம். எதுத்தாப்புல உக்காந்திருந்தாப் போதும்.”

“பேசாதீங்கன்னுதான கல்யாணம் ஆன நாள்லருந்து நீ சொல்லுதே” என்றார் அத்தான். பிறகு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

அறுவை முடிந்து பார்த்தபோது காதடியிலிருந்து கழுத்தின் அடிவரை தையல் ஓடியது. சில நாள் கழித்துப் பேசச் சொன்னார்கள். குரல் அப்படியே இருந்தது, உதடுதான் சேரவில்லை. ‘தண்ணி’ வந்தது, ‘பால்’ வரவில்லை. அதன் பிறகு கதிர்வீச்சு. வீட்டில் கண்ணாடி முன் நின்று ‘பாப்பா, மாமா’ என்று சொல்லிப் பழகுவார். கடைவாயில் எச்சில் வழியும். துண்டால் துடைத்துவிட்டு மறுபடி சொல்வார்.

இப்போதும் பரிசோதனைக்குப் போய்வருகிறார். இந்தச் சாரல் சீசனில் மறுபடி மைக் முன் உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன். நனைந்த சேலையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். “எம் பிள்ளையக் காணும்யா. பேரு பவானி, பச்சப் பாவாட.”

“அண்ணாச்சி, மைக்கை என்கிட்ட தாங்க” என்றார் பக்கத்திலிருந்த போலீஸ்காரர். அத்தான் கொடுக்கவில்லை. பவானி, பச்சைப் பாவாடை என்று ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார். சத்தம் முழுசாக வரவில்லை. காற்றும் கலந்துதான் வந்தது. நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் அத்தானின் வாயைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதற்குள்ளிருந்து பச்சைப் பாவாடை தெரிகிறவரை.