மழை வந்தால் நிற்கும் இன்வேட்டர்

சுன்னாகம் மின்நிலையத்திலிருந்து கரண்ட் வருவது நின்றுபோன காலத்தில், அச்சுவேலிப் பக்கம் எங்கள் கிளினிக்கின் தகரக் கூரையில் நான்கு சோலார் தகடுகள் ஏறின. தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி அவற்றால்தான் ஓடியது. ரேடியோ திருத்துகிற பெண் என்று ஊரில் என்னைக் கொஞ்சம் கேலியாகவே சொல்வார்கள். அந்தத் தகடுகளை ஒன்றோடொன்று தொடுத்து வயர் இழுத்தவள் நான்தான். அதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

மாரி தொடங்கியதும் இன்வேட்டர் பேய்க்காட்டத் தொடங்கியது. மழை பெய்தால் சிவப்பு விளக்கு எரியும், நின்றுவிடும். வெயில் வந்தால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். பல்கலைக்கழக வளாகத்தில் படித்த ஒருவர் வெயில் நேரம் வந்து பார்த்துவிட்டு, "உள்ளுக்குச் சேர்க்கிட் போட் பழுது, கொழும்புக்குத்தான் அனுப்பவேணும்" என்று சொல்லிப் போய்விட்டார். கொழும்புக்கு அனுப்புவதாம்! போரில் பாதை மூடி, சவர்க்காரமே வந்துசேராத காலம் அது.

மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்த மழைக்குப் பிறகு வெயில் எறித்த காலையில், கிளினிக்கின் மருத்துவமாது அக்கா என் வீட்டுப் படலைக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, இப்ப ஓடுது. பின்னேரம் திரும்ப மழை வரும். இனி ஒருக்கா நிண்டா மருந்து முழுக்கக் கொட்டவேண்டியதுதான். வியாழக்கிழமை வாற பிள்ளையளுக்கு என்ன சொல்லுவன்?"

"வாறன் அக்கா."

இன்வேட்டரைக் கழற்றிவிட்டு, தகட்டு வரிசையின் பிளஸ் முனைக்கும் நிலத்துக்குப் போகும் வயருக்கும் இடையே வோல்ற் மீற்றரை வைத்தேன். ஒன்றும் காட்டவில்லை. நிலத்துக்குக் கசிவு இருந்தால் ஈரத்தில்தான் தெரியும் என்று எனக்குப் பட்டது. அதற்கு ஏன் மழையைப் பார்த்திருக்க வேண்டும்? மீற்றரை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை வாளியில் கொண்டு ஏணியில் ஏறி, ஒவ்வொரு தகடாக ஊற்றினேன்.

"சோலாருக்குத் தோய வார்க்கிறாவோ?" என்று றோட்டால் போன ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

"முள்ளு இருபதிலை நிக்குது!" என்று கீழேயிருந்து அக்கா கத்தினார்.

ஒரு தகடு தருவதும் இருபது வோல்ற்தான். அப்படியானால் கசிவு பிளஸ் முனையிலிருந்து ஒரு தகடு தள்ளி, முதல் தகட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில்.

அங்கே இருந்தது இரண்டு வயரையும் முறுக்கி நான் போட்ட பொருத்து. வயர் சுற்றும் ரேப் கிடைக்காததால், எல்லோரையும்போல நானும் சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிச் சுற்றியிருந்தேன். வெயிலில் ரியூப் வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே போய், தகரத்தின் வழியே மின்சாரம் நிலத்துக்கு இறங்கியிருக்கிறது; அந்தக் கசிவைக் கண்டுதான் இன்வேட்டர் நின்றிருக்கிறது. முகம் சுட்டது. மேலே நானும் ஒரு காகமும்தான். பேசாமல் மாற்றிக் கட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் கூரையில் நின்றே கத்திச் சொன்னேன்.

"அக்கா, போட்டிலை ஒரு பழுதும் இல்லை. பிழை என்ரை பொருத்து!"

அக்கா தந்த சேலைன் குழாய்த் துண்டை வயரில் கோத்து, பொருத்தைப் புதிதாக முறுக்கி, குழாயை அதன்மேல் இழுத்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி உருக்கி அடைத்தேன். தகரத்தில் தொடாமல் தடி வைத்துக் கட்டினேன். பின்னேரம் மழை கொட்டியது. இருவரும் இன்வேட்டருக்கு முன்னால் நின்றோம். சிவப்பு விளக்கு எரியவேயில்லை.

வியாழக்கிழமை என் மகளைத் தூக்கிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். இன்வேட்டரை ஆர் திருத்தினது என்று ஒரு தாய் கேட்டார். அக்கா ஊசியைக் கையில் வைத்தபடியே, எல்லோருக்கும் கேட்க, என்னைக் காட்டிச் சொன்னார்.

"பிழை விட்டதும் இவதான், பிடிச்சதும் இவதான்."

இரண்டும் உண்மை. நான் தலை குனியவில்லை.