கடைசி வளைவில் ஒருவன்

ஒஸ்லோ ஓவியக்கூடத்தில், இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் பழைய நெதர்லாந்து ஓவியத்தின் முன் அவரைக் கண்டேன். கன்னம் ஒட்டிய யாழ்ப்பாணத்து மனிதர். சாமிப் படம் என்பதால் பனிச்சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தமிழர் என்றதும் நான் விளக்கத் தொடங்கிவிட்டேன்.

"முன்னாலை ஒன்பது பேர் நெருக்கிக்கொண்டு நிக்கினம். பின்னாலை பாதை மூண்டு தரம் வளைஞ்சு சிறுக்குது. அதாலைதான் ஆழம் தெரியுது."

"அது சரி ஐயா. கடைசி வளைவிலை ஒருத்தன் நிக்கிறான். வாறானோ, போறானோ?"

அவனை நான் எண்ணவே இல்லை. நகத்தளவு உருவம்.

"ஏன் கேக்கிறியள்?"

"சண்டை முடிஞ்ச பிறகு மகனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். முகம் இல்லை, தோளில் ஒரு மூட்டை மட்டும்.

"முதுகுதான் தெரியுது. போறான்."

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் பட்டது" என்றார். ஆனால் நகரவில்லை.

"கிட்ட வந்தால் பெரிசாவான் எல்லோ, ஐயா?"

பூட்டப்போகிறார்கள் என்று காவலாளி வந்து சொல்லும்வரை அவர் காலுறையோடு நின்றார்.

அதன்பின் அங்கே போகும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வளைவைத்தான். இன்னும் நகத்தளவுதான் இருக்கிறான்.