மனைவி பேச்சைக் கேட்க ஒரு வழக்கு

கடைவீதிச் சண்டையில் ஒருவரின் தாடையைப் பெயர்த்துவிட்டுச் சிறைக்குப் போன வெல்டர், தண்டனையைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அவரை வாட்டியது பார்வையாளர் அறைதான். நடுவே இரட்டைக் கம்பிவலை. இந்தப் பக்கம் கைதிகளும் அந்தப் பக்கம் குடும்பங்களும் ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

ஒரு தடவை அவர் மனைவி, "பொண்ணு பாஸாயிட்டா!" என்று கத்தினாள். அவர் காதில் விழுந்தது, "பொண்ணு போயிட்டா." வலைக்கு அப்பால் அவள் சிரித்ததும் தெரியவில்லை. அடுத்த சந்திப்பு வரை மனிதர் சோறு தண்ணி இறங்காமல் அழுதார். அன்று மகளே நேரில் வந்து நின்றதும் அவருக்குப் போன உயிர் திரும்பியது; கூடவே கோபமும் வந்தது. இலவச சட்ட உதவி வக்கீலைப் பிடித்து, குடும்பத்தோடு பேசும் உரிமை கேட்டு, சிறைக் கண்காணிப்பாளர் மேல் வழக்குப் போட்டுவிட்டார்.

"பொண்டாட்டி பேச்சைக் கேக்கணும்னு கேஸ் போட்ட மொத ஆம்பள நீதான்யா!" என்று வார்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்த அறையில எல்லாம் தெளிவா கேக்கும்" என்று கண்காணிப்பாளர் நீதிமன்றத்தில் அடித்துச் சொன்னார். நீதிபதி, சந்திப்பு நாளன்று சிறைக்கே வந்து, வலைக்கு இந்தப் பக்கம் நின்று கண்காணிப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பக்கம் நின்ற அவர், "என்னங்கய்யா? சத்தமா சொல்லுங்க!" என்று காதில் கை வைத்துக் கத்தினார். தீர்ப்பு அங்கேயே பாதி எழுதியாகிவிட்டது.

வலை போய், கண்ணாடித் தடுப்பும் தொலைபேசியும் வந்தன. முதல் நாள் ரிசீவரை எடுத்த மனைவி, ஒழுகும் குழாயில் தொடங்கி நாத்தனார் வரை ஒரே மூச்சில் பேசித் தீர்த்தாள். வெல்டர் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்ததென்று மணி அடித்தது.

"நான் ஒரு வார்த்தைகூட பேசலையேடி!"

"கேக்கணும்னுதானே கேஸ் போட்டீங்க? அடுத்த வாரமும் வந்து கேளுங்க" என்று அவள் சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகவே கேட்டது.