ஐப்பசியில் வெட்டிய கடா

அறுபத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலகம் அழியப் போகிறது என்பதற்காக எங்கள் வீட்டில் கடா வெட்டினார்கள். எனக்கு எட்டு வயது. என் உயிருக்காக நேர்ந்து விட்ட கடா அது.

அந்தச் சித்திரையில் எனக்கு அம்மை போட்டிருந்தது. பிழைத்தால் அடுத்த வருஷம் ஆடியில் கடா வெட்டுவதாக அம்மா ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். குட்டி வாங்கி, அடையாளத்துக்குக் காதில் சிறிய வெட்டு போட்டுத் தெருவில் விட்டோம். எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் யாரும் விரட்டவில்லை. பள்ளிக்கூடம் வரை என் பின்னாலேயே வரும்.

செய்தியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பேப்பர் வாங்கி வருவார். அமெரிக்காவும் ரஷ்யாவும் கியூபா என்ற தீவுக்காக முறைத்துக்கொண்டு நிற்பதாகவும், அணுகுண்டு விழுந்தால் யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்றும் படித்துச் சொன்னார். வடக்கே எல்லையில் சீனாவோடு நம் சண்டையும் நடந்துகொண்டிருந்ததால், எதையும் நம்பும் நிலையில் ஊர் இருந்தது.

நைனா, என் அப்பா, பாம்பைக் கையால் பிடித்து எறிகிறவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சாமிக்குச் சொன்னத செய்யாம சாவக் கூடாது. இன்னிக்கே வெட்டிடலாம்."

"ஆடிக்குன்னு வேண்டிக்கினேன். ஐப்பசில வெட்டுனா அம்மன் ஒத்துப்பாளா?" என்றாள் அம்மா.

"ஆடி எங்க கீது? ஒலகமே இருக்காதாம்."

அம்மா தம்பியிடம் திரும்பினாள். "ஏன்டா, நீ படிச்ச பேப்பர அம்மனும் படிச்சாளா?"

கோயில் முன் கடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது உடலைச் சிலிர்த்துக்கொண்டால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். அதுவரை காத்திருப்பார்கள், அரை நாள் ஆனாலும். சிலிர்க்காத கடாவை வெட்டினால் தீர்ந்த நோய் திரும்பும் என்பார்கள். மூன்று குடம் ஊற்றியும் அது சிலிர்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பூசாரி நைனாவைப் பார்த்தார். நைனா வானத்தைப் பார்த்தார்.

"நேரமில்ல, வெட்டுங்க."

வழக்கமாகக் குலவை எழும். அன்று ஒரு குரலும் எழவில்லை. எனக்கு அழக்கூட வரவில்லை. மதியம் இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, மிச்சக் குழம்பு அடுப்பில் இருந்தபோது, பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்டுவிட்டு மாமா ஓடி வந்தார். "சமாதானம் ஆயிடிச்சாம் அக்கா! ரஷ்யாக்காரன் குண்டயெல்லாம் திருப்பி எடுத்துக்கினு போறானாம்!"

அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடாவத் திருப்பிக் குடுப்பானா?"

மாமா சிரித்துவிட்டு, நைனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஊர் அன்றே பழையபடி வயலுக்குப் போனது. அம்மா மட்டும் மறுநாளிலிருந்து, விடிந்ததும் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். தூக்கம் கெடுகிறதென்று தட்டிவிடுவேன். எடுத்துவிட்டு, மறுபடி வைப்பாள். ஆடி முடியும் வரை ஒரு நாளும் தவறவில்லை. கடா போன துக்கத்தை ஆற்ற என்னைக் கொஞ்சுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.