மாதாவின் காலடியில் நீலத் தண்ணீர்

எங்கள் தெருவில் மாதா அற்புதம் செய்யத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அந்த அற்புதத்தை நிறுத்தியவள் என் அத்தை. தெருவிலேயே மாதாவை அதிகமாகக் கும்பிட்டவளும் அவள்தான்.

ரெட்டியார்பாளையத்தில் எங்களுடையது முனை வீடு. பக்கச் சுவரை ஒட்டித் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு கெபி கட்டியிருந்தார்கள். சிமெண்டில் குகை மாதிரி ஒரு மாடம், அதற்குள் இடுப்பளவு உயர மாதா சுரூபம். அப்பாவுக்கு மூத்தவளான அத்தை கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். அரசு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. விடியற்காலைப் பூசையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஜெபமாலை ஒன்று எப்போதும் கிடக்கும்.

அப்பாவின் தம்பி சித்தப்பா கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தினார். கோயில் பக்கம் போவதை மாணவராக இருந்தபோதே நிறுத்திவிட்டார். அவருக்காக மாடியில் புதிதாக ஓர் அறையும் கழிவறையும் கட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவர் அத்தையைச் சீண்டாமல் இருக்கமாட்டார்.

"அறிவு வளர வளர பக்தி கொறையும்க்கா. கணக்கு அப்படித்தான்."

"அப்ப உனக்கு இன்னும் எவ்ளோ வளர வேண்டியிருக்குன்னு பாத்துக்க. கொழம்பை இப்படி தள்ளு."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் கவலையாக இருக்கும். பள்ளியில் நான் நன்றாகப் படிக்கிறவள். சித்தப்பா சொல்வது நிஜமானால், இரவு ஜெபம் சொல்லச் சொல்ல என் மதிப்பெண் குறைந்துகொண்டே வருமே! ஜெபத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தக் கோடையில் ஒரு நாள் மாதாவின் காலடியில் சுவர் கசிந்தது. முதலில் ஈரம், அப்புறம் சொட்டு, பிறகு ஒரு டம்ளரை வைத்தால் கால் மணியில் நிரம்புகிற அளவு. குழாயில் தண்ணீர் ஒருவேளைதான் வந்த காலம். கல்லிலிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரு கூடிவிட்டது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாள், இரண்டு வாய் குடித்ததும் முட்டிவலி பறந்தது என்றார். மறுநாள் முதலியார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் ஆட்கள் வந்தார்கள். பொட்டு வைத்தவர்கள், ஜெபமாலை போட்டவர்கள் என்ற பேதமே இல்லை. எல்லோர் கையிலும் ஒரு பாட்டில் இருந்தது.

சித்தப்பா மாடியில் இருந்தபடியே சிரித்தார். அற்புதம் நீடித்த பத்து நாளும் சிரித்தார். ஆனால் ஒரு நாள்கூட இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. அத்தை சிரிக்கவும் இல்லை, அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் இல்லை. காலையிலும் மாலையிலும் கெபியின் முன்னால் முழங்காலில் நிற்பாள். சுரூபத்தின் முகத்தைப் பார்க்கவேண்டியவள், அந்நாட்களில் அதன் காலடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வாரம் நான்கு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல். மருந்தில் சீக்கிரம் குணமாகவில்லையே என்று நான் ஒரு காரியம் செய்தேன். மாதா தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து வந்து, யாருக்கும் தெரியாமல் மூன்று நாள் அவனுக்கு ஸ்பூனில் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவனுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்துக் கண் உள்ளே போய்விட்டது. மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அன்று மாலை அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பாப்பா, அவன் வெளியில எதுனா சாப்ட்டானா?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்: "வாந்தி பேதின்னு இந்த வாரம் என்கிட்ட டெஸ்ட்டுக்கு வந்த புள்ளைங்க அஞ்சு. அஞ்சும் நம்ம தெரு."

உடனே மாடிக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டேய், காலையில எட்டு மணி வரைக்கும் தண்ணி நல்லா வருது. பகல்ல சொட்டுது. சாயங்காலம் திரும்பவும் வருது. ஞாயித்துக்கெழம மட்டும் நாள் பூரா வருது. மாதாவுக்கு எதுக்குடா உன் காலேஜ் டைம்டேபிள்?"

சித்தப்பா கழிவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய கழிவறைக் குழாய் கெபியை ஒட்டிய பக்கச் சுவருக்குள்தான் இறங்கியது.

அத்தை யூகத்தோடு நிற்கவில்லை. துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டிலைக் கழிவறையில் முழுவதுமாக ஊற்றி, மேலே நான்கு வாளித் தண்ணீரையும் ஊற்றினாள்.

விடிந்ததும் தெருவில் ஒரே ஆரவாரம். மாதாவின் காலடியில் தண்ணீர் நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மாதாவின் மேலாடை நீலம், தண்ணீரும் நீலம்! "மாதா கலரு, மாதா கலரு" என்று மீன்கார அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்குள் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது.

வீட்டுக்குள் சித்தப்பா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

"யக்கா, வேணாம். கொத்தனாரைக் கூப்ட்டு கமுக்கமா அடைச்சிடலாம். தண்ணி நின்னுட்டா மாதா போயிட்டாங்கன்னு அவங்களே சொல்லிக்குவாங்க. வெளிய சொன்னா நம்மள சும்மா வுட மாட்டாங்க."

"பாட்டில்ல புடிச்சி வச்சிருக்காங்களே, அது நிக்குமா? அத நாளைக்கும் புள்ளைங்களுக்குத்தான குடுப்பாங்க?"

"அப்ப இன்னா பண்ணப் போற? நீலத்தையே நம்பிட்டாங்க. செவப்பா ஊத்துனாலும் நம்பத்தான் போறாங்க."

"செவப்பு ஆவாது. ரத்தம்னுடுவாங்க." அத்தை கொஞ்சம் யோசித்தாள். "வர்றதுக்கு முன்னாடியே சொல்லணும்."

பெரிய மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போய்ப் பச்சைச் சாயப்பொடி வாங்கி வந்தாள். அன்று மாலை தெரு கூடியிருந்த வேளையில் கெபியின் முன்னால் போய் நின்றாள். என் கையையும் பிடித்திருந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. நீலத்த ஊத்துனது நான். எங்க வூட்டு மாடி கக்கூஸ்ல ஊத்துனேன், இங்க வந்துச்சு. இன்னைக்குப் பச்சைய ஊத்தப் போறேன். நாளைக்குக் காலையில இங்க பச்சையா வரும். மாதா சொல்லல, நான் சொல்றேன். தயவுசெஞ்சு யாரும் குடிக்காதீங்க. எங்க புள்ளையே ஆஸ்பத்திரில கெடக்கறான்."

முன்னால் நின்றவர்கள் தங்கள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்கள். பிறகு வசவு தொடங்கியது. பொய் சொல்கிறாள் என்றார்கள், பிசாசு பிடித்துவிட்டது என்றார்கள். "நீ கும்புடறதெல்லாம் வேஷமாடி?" என்று மீன்கார அம்மாள் கத்தினார். அத்தை என் கையை விடவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிய அப்படியே நின்றாள். அப்போதுதான் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. சும்மா நின்றார்.

மறுநாள் காலை தண்ணீர் பச்சையாக வந்தது.

பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். பாட்டில்கள் சாக்கடையில் கவிழ்ந்தன. மீன்கார அம்மாள் எங்கள் வாசலுக்கு வந்து, "உங்க வூட்டு பீத்தண்ணிய எங்கள குடிக்க வச்சிட்டீங்களே" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். அவர் கேட்டது நியாயம்தான் என்று அத்தை சொன்னாள். அன்றே அப்பா ஆள் வைத்துச் சுவரை உடைத்தார். முழங்கை போல வளைகிற இடத்தில் குழாய் பிளந்திருந்தது. தெருவில் நோயாகிக் கிடந்த பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் அத்தை உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கொண்டுபோனாள். இரண்டு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பின் புதிதாக யாரும் படுக்கவில்லை. தம்பி ஐந்தாம் நாள் வீடு திரும்பி, தனக்கு ஊசி போட்ட இடத்தைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

கெபியின் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை. வெட்கமோ கோபமோ தெரியவில்லை. உருகிய மெழுகும் காய்ந்த மாலையும் பச்சைக் கறையுமாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அத்தை துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சித்தப்பா தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அவர் ஊற்ற ஊற்ற அவள் தேய்த்துக் கழுவினாள். மெழுகைக் கரண்டியால் சுரண்டினாள். கறை முழுதாகப் போகவில்லை. வேலை முடிந்ததும் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, ஈரத் தரையிலேயே முழங்காலில் நின்றாள். முன்பு போலவே நின்றாள். இப்போது அவள் பார்வை சுரூபத்தின் முகத்தில் இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தப்பாவின் சட்டையை இழுத்தேன்.

"அதான் மாதா ஒண்ணும் செய்யலன்னு தெரிஞ்சிடுச்சே. அத்தை எதுக்கு இன்னும் கும்புடறாங்க?"

எதைக் கேட்டாலும் கால் மணி நேரம் விளக்கம் சொல்கிற சித்தப்பா, "சத்தம் போடாத" என்றார். காலி வாளியைக் கீழே வைத்தால் ஓசை வரும் என்பது போல, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

நானாகவே ஒரு விடை கண்டுபிடித்தேன். ஊர் முன்னால் மாதாவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் அல்லவா, அதற்கு மன்னிப்புக் கேட்கிறாள். இவ்வளவு நேரம் கேட்கவேண்டியிருக்கிறதே என்று அவள்மேல் எனக்கு இரக்கமாகிவிட்டது. அவளை மன்னித்துவிடும்படி, அவளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, நானும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன்.