அரிசோனாவில் காகம் தேடிய சனிக்கிழமை

தியாகலிங்கம் செல்வரட்ணத்துக்கு ஐயாயிரம் டொலர் கடன்பட்டிருந்தார். வட்டி தனி. மூடி மறைத்த கடன் அல்ல அது. ரொறொன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் செல்வரட்ணத்தின் பலசரக்குக் கடைக்குத் தேங்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த கடன். தொண்ணூற்றாறாம் ஆண்டு புரட்டாதி மாதம் முடிவதற்குள் முதலும் வட்டியும் வந்து சேராவிட்டால், அந்தக் காசை முற்பணமாகக் கட்டி வாங்கிய ட்ரக் செல்வரட்ணத்துக்கு. பேச்சு அப்படி.

அந்த ட்ரக்கைச் சும்மா ஒரு வண்டி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தியாகலிங்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கனடாவில் வந்து இறங்கியபோது அவருடைய கையில் ஒரு பை, பைக்குள் உடுக்க ஒரு சாரம், அவ்வளவுதான். உணவகத்தில் கோப்பை கழுவினார். மற்றவர் வீட்டு வாசலில் பனி அள்ளினார். சாரதிப் பரீட்சையில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார், கடைசியில் பரீட்சை வைத்தவனே களைத்துப்போய் கைலாகு கொடுத்தான். அதற்குப் பிறகு அமெரிக்காவில் அவருடைய வண்டிச் சில்லுப் படாத மாநிலம் என்றால் அலாஸ்காவும் ஹவாயும்தான். ஹவாய்க்கு இன்னும் பாலம் போடாதது அவருடைய பிழையல்ல.

ட்ரக் எவ்வளவு பெரிதோ அவருடைய கதைகளும் அவ்வளவு பெரிது. கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பிடித்து வைத்து அரிசோனாப் பாலைவனத்தைப் பற்றிச் சொல்லுவார். வாலில் சலங்கை கட்டிய பாம்பு, சிறகிருந்தும் பறக்காமல் ட்ரக்கோடு பந்தயம் ஓடுகிற குருவி, நாகதாளிக் கள்ளியை முள்ளோடு சப்பித் தின்கிற பன்றிக் கூட்டம்.

"முள்ளோடை தின்னுற பண்டியோ?" என்பார் செல்வரட்ணம், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "தியாகு, உன்ரை கதையளுக்கு வரி போட்டால் இந்த நாட்டுக்கு வேறை வருமானம் தேவையில்லை."

எல்லாரும் சிரிப்பார்கள். தியாகலிங்கமும் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் குத்தும். கதையை நம்பாதவன் கடன் திரும்பும் என்பதை எப்படி நம்புவான்?

புரட்டாதி பாதி கழிந்தபோது ஒரு லோட் அகப்பட்டது. அரிசோனாவிலிருந்து மிளகாய். ரொறொன்ரோ மரக்கறிச் சந்தையில் வாங்குகிறவன் ஒரு போர்த்துக்கேய வியாபாரி. பேச்சில் கறார், காசில் சுத்தம். செவ்வாய்க்கிழமை சந்தை திறக்க முன்னர் மிளகாய் வந்து நின்றால் முழுக் கூலியும் கையில். பிந்தினால் பாதி. கடனில் ஒரு பங்கு ஏற்கெனவே தியாகலிங்கத்தின் வீட்டில் சேர்ந்திருந்தது. முழுக் கூலி வந்தால் மிச்சம் சரி. பாதி வந்தால் ட்ரக் போனது போனதுதான்.

"நானும் வாறன்," என்றார் செல்வரட்ணம்.

"எங்கை அண்ணை?"

"அரிசோனாவுக்கு. நீ அப்பிடியே மெக்சிக்கோவுக்குள்ளை இறங்கிவிட்டால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

"நான் ஓடுறதெண்டால் கடன் தந்த அண்டைக்கே ஓடியிருப்பனே! அண்டைக்கு டீசலும் நிறைய இருந்தது."

காசுப்பெட்டிக்குப் பின்னால் நின்ற செல்வரட்ணத்தின் மனைவி புனிதவதி தலையை நீட்டினார். "கூட்டிக்கொண்டு போ தம்பி. எனக்கும் கொஞ்ச நாளைக்கு நிம்மதி."

அப்படித்தான் கடன்காரரும் கடன் கொடுத்தவரும் ஒரே ட்ரக்கில் நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் ஏறினார்கள். செல்வரட்ணத்துக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. சனீஸ்வரனுக்கான புரட்டாதிச் சனி விரதத்தை வழியில் விட முடியாது என்று காஸ் அடுப்பு, தாச்சிச் சட்டி, அரிசி, பருப்பு, காய்ந்த செத்தல் மிளகாய், அப்பளம் என்று அரைக் கடையையே கூட ஏற்றியிருந்தார். தியாகலிங்கம் கதவைத் திறந்து பிடித்தார். அரைக் கடை வந்தால் நல்லதுதானே, முழுச் சாப்பாடு.

நியூ மெக்சிக்கோ தாண்டும் வரையில் செல்வரட்ணம் டீசல் மீற்றரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அரிசோனாவில் பெரிய வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் இறங்கியதும், பற்றைக்குள்ளிருந்து ஒரு பறவை வெளியே வந்தது. கோடு போட்ட மேனி, நிமிர்ந்த கொண்டை, நீட்டிய வால். ட்ரக்குக்கு முன்னால் தபதபவென்று ஓடத் தொடங்கியது. இரண்டு சிறகும் முழுசாக இருந்தன. ஒன்றையும் அது பாவிக்கவில்லை.

"உது ஏன் பறக்கேல்லை?" என்றார் செல்வரட்ணம்.

"கிட்டப் போறன், கண்ணாடியை இறக்கிப்போட்டு நீங்களே கேளுங்கோ."

செல்வரட்ணம் கேட்கவில்லை. ஆனால் பறவை மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரி, குருவி ஒண்டு உண்மை. மற்றதெல்லாம் புழுகு."

கொஞ்சத் தூரத்தில் உள்ளங்கை அகலச் சிலந்திகள் பாதையைக் கடந்தன. காலெல்லாம் மயிர். ஆண் சிலந்திகள் பெண் தேடி ஊர்வலம் போகிற காலம் அது. அவசரமில்லாமல், மாப்பிள்ளை மிடுக்கோடு நடந்தன. தியாகலிங்கம் ட்ரக்கை நிறுத்தி வழிவிட்டார். செல்வரட்ணம் இரண்டு காலையும் தூக்கி ஆசனத்தில் சம்மணம் கட்டிக்கொண்டார்.

"உதுகள் உள்ளுக்கை ஏறுமோ?"

"ரிக்கெற் இல்லாமல் நான் ஆரையும் ஏத்திறதில்லை. நீங்கள் ஒராள்தான் ரிக்கெற் இல்லாமல் வாறியள்."

சனிக்கிழமை காலையில் மிளகாய் ஏறியது. ட்ரக்கின் குளிர்ப்பெட்டிக் கதவைப் பூட்டிய கையோடு புறப்பட்டிருந்தால் நேரம் தாராளம். ஆனால் அது புரட்டாதிக் கடைசிச் சனி. பாதையோரம் ட்ரக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, போத்தல் தண்ணீரை ஊற்றித் தோய்ந்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, செல்வரட்ணம் ட்ரக்கின் ஏறுபடியில் அடுப்பை வைத்துச் சமைக்கத் தொடங்கினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். வாசத்தில் தியாகலிங்கத்தின் வயிறு பாட்டுப் பாடியது.

"சாப்பிட்டு வெளிக்கிடுவம் அண்ணை."

"காகம் தொடாமல் நான் தொடமாட்டன்."

தியாகலிங்கம் நாலு பக்கமும் பார்த்தார். கைகளை உயர்த்தியபடி கள்ளி மரங்கள். கல். வெயில். மல்வேர்னில் பஸ் வராவிட்டாலும் காகம் வரும். இங்கே காகத்தின் நிழலும் இல்லை.

செல்வரட்ணம் ஒரு கடதாசித் தட்டில் முதல் பிடியை வைத்து, பாதையைவிட்டுத் தள்ளி ஒரு கல்லடியில் வைத்தார். கையைத் தட்டினார். "கா! கா! கா!" என்று அழைத்தார். எதிரில் இருந்த மலை மரியாதையாகத் திரும்பச் சொன்னது.

முதலில் வந்தது ஓட்டக் குருவி. சோற்றை ஒரு கண்ணால் பார்த்தது, மற்றக் கண்ணாலும் பார்த்தது, பக்கத்துக் கல்லில் கிடந்த பல்லியைக் கௌவிக்கொண்டு ஓடிவிட்டது.

"அது மச்ச மாமிசம் தின்னுற ஆள் அண்ணை. விரதச் சோறு தொடாது," என்றார் தியாகலிங்கம், சாரதி ஆசனத்தில் இருந்தபடி. "சட்டுப்புட்டெண்டு சாப்பிடுங்கோ. மிளகாய் செவ்வாய்க்கிழமை நிக்கவேணும். இல்லாட்டி என்ரை ட்ரக் உங்கடை வீட்டு வாசலிலை நிக்கும்."

"சனீஸ்வரனோடை விளையாடாதை. கா! கா!"

அப்போதுதான் பற்றை அசைந்தது. ஒரு மூக்கு வந்தது. பிறகு ஒன்று, பிறகு ஒரு குடும்பம், பிறகு ஒரு கிராமமே வந்தது. சாம்பல் நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டி, சிலிர்த்த மயிர். முன்னால் வந்த கிழடு பல்லோடு பல்லைத் தட்டி டக் டக் டக் என்றது. கூடவே ஒரு நாற்றமும் வந்தது.

முள்ளோடு நாகதாளி தின்கிற பன்றிகள்.

செல்வரட்ணத்துக்கு அறுபது வயது, முழங்கால் வாதம், வேட்டி. அவர் எப்படி ட்ரக்கின் முன்பக்கத்தில் ஏறினார், அங்கிருந்து எப்படிக் கூரைக்குப் போனார் என்பதைக் கண்ணால் கண்ட தியாகலிங்கத்தாலேயே விளங்கப்படுத்த முடியாது. வேட்டி மட்டும் ஒரு கணம் கண்ணாடிக்கு முன்னால் கொடிபோலப் பறந்தது.

"அண்ணை, மேலை சுகமோ?"

"கலையடா! கலை!"

பன்றிகள் காகத்தின் பங்கைத் தின்றன. தின்ற களைப்புத் தீர ட்ரக்கின் கீழே நிழலில் சாய்ந்து படுத்துக்கொண்டன. தியாகலிங்கம் ஹோர்னை அழுத்தினார். கண் மங்கலான சாதி அது; எழுந்து திசை தெரியாமல் ஓடின, இரண்டு ஒன்றோடொன்று மோதின, ஒரு வட்டமடித்துத் திரும்பிவந்து அதே நிழலில் படுத்தன. சில்லுக்கு முன்னாலும் பன்றி, பின்னாலும் பன்றி, கூரையில் கடன் கொடுத்த மனிதர். அசைய வழியில்லை. பன்றிகள் விட்ட ஒவ்வொரு குறட்டையிலும் ட்ரக் தன் கையைவிட்டு நழுவுவது தியாகலிங்கத்துக்குக் கேட்டது.

கூரைத் தகரம் சுட்டது. செல்வரட்ணம் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக் கூவினார்: "சனீஸ்வரா! நான் முழுசாய்க் கீழை இறங்கினால் தியாகுவின்ரை வட்டியிலை ஒரு சதமும் என்ரை கையாலை தொடமாட்டன்! சத்தியம்!"

தியாகலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. யன்னலால் தலையை நீட்டினார். "அண்ணை, சாமியோடை கதைக்கேக்கை என்ரை காசை இழுக்காதையுங்கோ. கடன் வேறை, பண்டி வேறை. வட்டி நான் தருவன்!"

"வாயை மூடிக்கொண்டு பண்டியைக் கலை!"

அந்தக் கோபத்தில்தான் மூளை வேலை செய்தது. செல்வரட்ணத்தின் அடுப்பு ஏறுபடியில் இருந்தது. தியாகலிங்கம் கதவை அரைவாசி திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, தாச்சியைக் காயவிட்டு, செத்தல் மிளகாயை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். காற்று அவர் பக்கமிருந்து அடித்தது. மிளகாய் கறுத்துப் புகைந்தது. புகை ட்ரக்கின் அடியால் உருண்டு போனது.

கண் மங்கலான மிருகத்துக்குக் கடவுள் மூக்கைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். கிழட்டுப் பன்றி முதலில் தும்மியது. பிறகு முழுக் கிராமமும் தும்மியது. தும்மித் தும்மி, குட்டியும் தாயுமாகப் பற்றைக்குள் பாய்ந்து, மலைச் சரிவில் புழுதி கிளப்பிப் போனது. மேலேயிருந்தும் ஒரு தும்மல் கேட்டது. அது செல்வரட்ணம்.

கண்ணீரும் மூக்குமாக அவர் இறங்கிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ கன்னங்கரேலென்று ஒரு பறவை வந்து தட்டருகில் இறங்கியது. ஊர்க் காகத்தைப்போல் ஒன்றரை மடங்கு. மிஞ்சிக்கிடந்த அப்பளத் துண்டைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போனது.

"காகம்! தியாகு, காகம்!" செல்வரட்ணம் குழந்தைபோல் துள்ளினார்.

"ஓம் அண்ணை. அமெரிக்காச் சாப்பாடு, அதுதான் அந்த அளவு. ட்ரக் ஓட ஓடச் சாப்பிடுங்கோ."

அதன் பிறகு தியாகலிங்கம் ஓடினார் பாருங்கள், அது ஓட்டம். ரெக்சஸ், ஒக்லஹோமா, மிசூரி எல்லாம் கண்ணாடியில் வந்து கண்ணாடியிலேயே போயின. சட்டப்படி படுக்கவேண்டிய நேரம் மட்டும் படுத்தார். அவரை எழுப்பித் தேநீர் தந்து அவசரப்படுத்தியவர் செல்வரட்ணம். செவ்வாய்க்கிழமை சந்தைக் கதவு மேலே உயர்ந்துகொண்டிருந்தபோது ட்ரக்கின் மூக்கு அதற்குள் போனது. போர்த்துக்கேயன் மணிக்கூட்டைப் பார்த்தான், மிளகாயை முறித்து மணந்தான், முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தான்.

வீட்டிலிருந்த காசையும் சேர்த்துக்கொண்டு தியாகலிங்கம் மல்வேர்னுக்குப் போனபோது கடை நிறையச் சனம். செல்வரட்ணம் கைகளை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒவ்வொண்டும் கண்டுக்குட்டி அளவு!"

"முழங்கால் அளவுதான் அண்ணை."

"நீ கீழை இருந்து பாத்தனீ. மேலை இருந்து பாத்தால்தான் தெரியும்."

முதல் ஐயாயிரத்தையும் தியாகலிங்கம் மேசையில் வைத்தார். செல்வரட்ணம் எடுத்தார். பிறகு தியாகலிங்கம் வட்டியை நீட்டினார். செல்வரட்ணம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வேண்டாம். சனீஸ்வரனுக்குச் சொல்லிப்போட்டன்."

"சனீஸ்வரன் என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. பிடியுங்கோ!"

"எனக்கு இன்னும் ரெண்டு வருசச் சனி கிடக்கு! தொடமாட்டன்!"

"தியாகலிங்கம் வட்டி குடுக்கேல்லை எண்டு நாளைக்கு இந்தக் கடையிலைதானே கதைப்பியள்!"

கடன் கொடுத்தவர் வேண்டாம் என்றும் பட்டவர் பிடி என்றும் சண்டை பிடிப்பதைச் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. புனிதவதி காசுப்பெட்டியை டக்கென்று சாத்தினார்.

"ரெண்டு பேரும் சத்தம் போடாமல் நில்லுங்கோ. இவர் தொடக்கூடாது, தம்பி குடுக்காமல் விடக்கூடாது. அவ்வளவுதானே? நான் ஒரு சாமிக்கும் ஒரு வாக்கும் குடுக்கேல்லை." வலது கையை நீட்டி விரித்தார். "வை தம்பி. சனத்துக்குக் கேக்க எண்ணி வை."

தியாகலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். கடை முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு நோட்டாக, அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.